யோசனை சொன்னவளின் வீடு

செம்பூரில் ஒரு லாண்ட்ரியில் எனக்கு வேலை. லாண்ட்ரி என்றால் தெருமுனை இஸ்திரிக் கடை இல்லை. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை சிகிச்சைக்கு டாக்டர்கள் போட்டுக்கொள்ளும் பச்சை அங்கி எல்லாம் வேன் வேனாக வந்து இறங்கும். கொதிநீரில் வெளுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து மறுநாளே திருப்பி அனுப்ப வேண்டும். பெரிய தகரக் கொட்டகை. எப்போதும் நீராவியும் சோப்பு வாசனையும் இருக்கும். கணக்குப் பார்க்கச் சேர்ந்தேன். வருஷங்கள் போகப்போக ஆட்கள் சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில் வந்து விழுந்தது. லீவு, சண்டை, சீருடை, கூலிக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டரோடு வாக்குவாதம், எல்லாம்.

முதலாளி என்னைவிடச் சின்னவர். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் சலவைக் கடை வைத்து வளர்ந்தவர். மகன் பம்பாயிலேயே பிறந்து படித்தவர். நல்ல மனுஷர், ஆனால் அவசரக்காரர். ஒருநாள் ஏதோ ஹோட்டலில் நடந்த கூட்டத்துக்குப் போய்விட்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"மேடம், வெளிய எல்லா கம்பெனியிலயும் வேலை செய்யறவங்ககிட்டயே ஐடியா கேக்கறாங்க. நம்ம ஆளுங்க தலைக்குள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியவே தெரியாது. இத நீங்க எடுத்து நடத்துங்க. ஒரு பெட்டி வைங்க, சீட்டு எழுதிப் போடட்டும்."

"பெட்டி வேண்டாம் சார்," என்றேன். "பாதிப் பேருக்கு எழுத வராது. தாராவிப் பொண்களுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து கூட்டிப் படிக்கணும். எல்லார் கையிலயும் போன் இருக்கு. என் நம்பருக்குக் குரல்ல அனுப்பட்டும். தமிழோ ஹிந்தியோ மராட்டியோ, எதுவானாலும் சரி."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் வந்ததெல்லாம் புகார்கள். ஃபேன் ஓடவில்லை, டீ தண்ணியாக இருக்கிறது, பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இதெல்லாம் யோசனையா என்று முதலாளி சலித்துக்கொண்டார். நான் தாழ்ப்பாளையும் ஃபேனையும் முதலில் சரிசெய்ய வைத்தேன். ஒரு வழக்கமும் வைத்துக்கொண்டேன். வந்த எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவேன். செம்பூரில் ரயில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, மாட்டுங்காவில் இறங்குவதற்குள் அன்றைக்கு வந்த குரல்களைக் கேட்டு முடிப்பேன். வீட்டுக்கு நடக்கும்போது ஒவ்வொருவருக்கும் பேசி அனுப்புவேன். முடியாது என்றால் ஏன் முடியாது என்றும் சொல்வேன்.

பதில் வருகிறது என்று தெரிந்ததும் ஜனங்கள் மாறினார்கள். பாய்லர்காரர், ஈரத் துணிகளை எந்தப் பக்கம் குவித்தால் சீக்கிரம் காயும் என்று சொன்னார். ஒரு வேன் டிரைவர், இரண்டு ஆஸ்பத்திரிகளின் பாதையைச் சேர்த்துவிடலாம் என்றார். சொல்லும்போது அவர்கள் குரலே வேறாக இருக்கும். தினமும் பார்க்கிற ஆட்களை நான் புதிதாகச் சந்தித்த மாதிரி இருந்தது. அந்த மாதங்களில் ஆபீசுக்குப் போக எனக்கு ஆசையாக இருந்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

அப்போதுதான் மடிப்பு மேசையிலிருந்து அவள் பேசினாள்.

தாராவியில் வீடு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். காண்ட்ராக்டர் வழியாக இல்லாமல் கம்பெனியே நேராகச் சம்பளம் கொடுத்த பழைய ஆட்களில் ஒருத்தி. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, நாந்தான் மடிப்பு மேசைலேருந்து பேசுதேன். ஒரு விசயம் தோணிச்சு. தப்பா இருந்தா சிரிச்சிராதீங்க. எங்க சந்துல எல்லா வீட்டுத் துணியும் ஒரே கயித்துலதான் காயும். மாறிப்போவக் கூடாதுன்னு ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஓரத்துல ஒரு கலர் நூல் தச்சு வச்சிருக்கோம். நம்ம ஆஸ்பத்திரித் துணிக்கும் அப்படி வச்சா என்ன? ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒரு கலரு. வேன்ல ஏத்தும்போதே அந்தக் கலர் பையில போட்டு, மிஷின்லயும் தனித்தனியா போட்டுட்டா, பொறவு பிரிக்கவே வேண்டாம்லா?"

எங்கள் கொட்டகையில் பெரிய தலைவலியே இந்தப் பிரிப்புதான். எல்லா ஆஸ்பத்திரித் துணியும் ஒன்றாக வெளுத்து வரும். ஒவ்வொரு துணியின் மூலையிலும் மங்கிப்போன முத்திரையைப் பார்த்து, இது யாருடையது என்று பிரித்து வைக்க ஒரு நீள மேசையும், அதைச் சுற்றிப் பெண்களும் உண்டு. அவர்கள் பிரித்துக் கொடுக்கும்வரை மடிப்பு மேசை காத்திருக்கும். ஒரு ஆஸ்பத்திரியின் விரிப்பு இன்னொன்றுக்குப் போய்விட்டால் எனக்குத்தான் போன் வரும்.

பிரிக்கவே வேண்டாம் என்று அவள் சொன்ன வார்த்தையைக் குர்லா பாலத்தின் மேல் நின்று இரண்டு தடவை கேட்டேன். மனம் துள்ளியது. அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. அன்றைக்கு அது எனக்குப் படவில்லை. சொன்னவளுக்கும் படவில்லை.

ஒரே ஒரு ஆஸ்பத்திரித் துணிக்கு முதலில் செய்து பார்த்தோம். பிறகு எல்லாவற்றுக்கும். மழைக்காலம் தொடங்குவதற்குள் கொட்டகையே மாறிவிட்டது. துணி மாறிப்போகிற பேச்சே இல்லை. முதலாளி எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்கு முன் கூட்டி, அவளுக்குச் சால்வை போர்த்தி, தேங்காய் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பிரிப்பு மேசைப் பெண்களும் தட்டினார்கள். அதில் ஒருத்தி அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. ஒரே வீட்டில் கீழே இவள் குடும்பம், ஏணி ஏறிப் போனால் மேலறையில் நாத்தனாரும் பிள்ளைகளும். நாத்தனாரை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவள்தான். ஆனால் நாத்தனார் காண்ட்ராக்டர் மூலமாக வந்தவள். கம்பெனிச் சம்பளம் இல்லை.

அடுத்த மாதம் பிறந்ததும் ஒரு காலையில் நான் வாசலுக்கு வந்தபோது பிரிப்பு மேசைப் பெண்களில் பாதிக்கு மேல் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். காண்ட்ராக்டரின் ஆள் கையில் போனை வைத்துக்கொண்டு, "உங்களுக்கு இங்க வேலை இல்ல, நாளையிலேருந்து தாணேல ரிப்போர்ட் பண்ணுங்க," என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தான். தாணேயில் அவர்களுக்குக் கிடைக்கக்கூடியது ராத்திரி ஷிஃப்ட். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார் போக முடியும்?

நாத்தனார் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

"மேடம், என் டிபன் டப்பா உள்ள இருக்கு. அத மட்டும் எடுத்துக்கிடுதேன். அவரு விட மாட்டேங்காரு."

நானே உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மடிப்பு மேசையில் அவளுடைய மைனி, யோசனை சொன்ன அண்ணன் மனைவி, கையில் பாதி மடித்த விரிப்போடு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலாளி ஊரில் இல்லை. போனில் பிடித்தேன். "அவங்க காண்ட்ராக்டர் ஆளுங்க மேடம். மேசையில வேலை கொறைஞ்சா அவரு ஆளக் கொறைக்கத்தானே செய்வாரு? வேற எடம் குடுத்திருக்காரே," என்றார். ஆளைக் குறைக்கச் சொன்னதே தான்தான் என்பதை முதலாளி மறைக்கவும் இல்லை. அதைத் தப்பு என்று அவர் நினைக்கவே இல்லை.

அதன்பிறகு என் போனுக்குக் குரல்கள் வருவது குறைந்தது. யாரும் கூடிப் பேசி முடிவெடுத்த மாதிரித் தெரியவில்லை. தானாகவே நின்றது. கடைசியாகப் பேசியது வேன் டிரைவர். தன் பாதை யோசனையை விட்டுவிடச் சொல்லி ஹிந்தியில் கேட்டுக்கொண்டார். இரண்டு பாதையைச் சேர்த்தால் ஒரு வண்டி மிச்சம் என்பதுதான் அவருடைய முதல் குரலில் இருந்த சந்தோஷம். ஒரு வண்டி மிச்சம் என்றால் ஒரு டிரைவரும் மிச்சம் என்பது இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. காரணம் எதுவும் சொல்லாமல், மன்னிப்பு மட்டும் கேட்டு முடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். சயானில் இறங்கி நடந்து, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்தில் வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். அவள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க மேடம். உள்ள வாங்க."

மேடம் என்றது காதில் விழுந்தது. மகனைக் கடைக்கு அனுப்பிக் குளிர்ந்த தண்டா பாட்டில் வாங்கிவரச் சொன்னாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அவள் கணவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

"வீட்ல எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"சோறு தனியாப் பொங்குதா மேடம். பிள்ளைகள கீழ விட மாட்டேங்கா. சண்டை ஒண்ணும் போடல. போட்டா நல்லாருக்கும். என் வீட்டுக்காரரு என்ன சொல்லுவாரு? அவரு தங்கச்சி. சாப்பிடும்போது மேல மேல பாத்துக்கிடுதாரு. எனக்கு அதத்தான் பாக்க முடியல."

"உன் மேல தப்பே இல்ல."

"நீங்க கேட்டீக, நான் சொன்னேன். எனக்குச் சால்வ போத்துனீக, அவள வெளிய அனுப்புனீக. இதுல நான் யாரு மேல கோவப்பட, சொல்லுங்க." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். பிறகு, "தப்பில்லன்னு என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? அவகிட்ட சொல்லுங்க," என்றாள்.

ஏணியில் ஏறினேன். ஏறிப் பழக்கமில்லாத எனக்குக் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாத்தனார் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "உக்காருங்க மேடம்," என்று பாயை விரித்தாள். நான் பேசினேன். முதலாளியோடு பேசப் போகிறேன் என்றேன், உன் மைனி இப்படியாகும் என்று நினைக்கவில்லை என்றேன். அவள் பின்னலைப் பின்னி முடித்து ரிப்பன் கட்டினாள். "சரி மேடம்," என்றாள். 

மறுநாள் முதலாளி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்படி நான் செய்ததே கிடையாது.

"என்ன மேடம், ஐடியா வரதே நின்னுபோச்சு? ரெண்டு மாசமா ஒண்ணையும் காணோமே," என்றார் அவரே.

"இனிமே வராது சார். சொன்னா பக்கத்துல நிக்கறவளுக்கு வேலை போகும்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

"அவங்க நம்ம ஆளே கிடையாது மேடம்."

"யோசனை கேக்கறச்சே நம்ம ஆள், காண்ட்ராக்டர் ஆள்னு பிரிச்சா கேட்டோம்? எல்லாரும் சொல்லுங்கோன்னுதானே சொன்னோம்?"

"சரி, வேலை கொறையுது. ஆளு அப்படியே இருக்கணும். அப்ப அந்த ஐடியாவால எனக்கு என்ன கெடைச்சுது?" கோபமாகத்தான் கேட்டார். ஆனால் நியாயமான கேள்வி. நான் அதற்காகத் தயாராகப் போகவில்லை. மனதில் வந்ததைச் சொன்னேன்.

"துணி மாறிப்போறதில்ல. புது ஆஸ்பத்திரி ஒண்ணு நம்மகிட்ட வரேங்கறா. இதுவே உங்களுக்கு லாபம்தான் சார். அதோட அந்த அஞ்சாறு பொண்களையும் வேலையிலேருந்து அனுப்பித்தான் ஆகணும்னா அனுப்பிக்கோங்கோ. ஆனா நாளைக்கு எங்கிட்ட ஐடியா கேக்காதீங்கோ. என்னால இனிமே அவாகிட்டப் போய்க் கேக்க முடியாது."

அவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். வேலையை விட நேரலாம் என்று வீட்டில் சொல்லியும் வைத்தேன்.

சில நாள் கழித்து அவரே வந்தார். கிழிந்த விரிப்புகளை வெளியே தையலுக்குக் கொடுக்கிறோமே, அதை நாமே உள்ளே செய்தால் என்ன என்றார். மிச்சமிருந்த பெண்களை மடிப்புக்கு மாற்றிவிட்டதால் பிரிப்பு மேசை இருந்த இடம் காலியாகத்தான் கிடந்தது. தையல் மிஷின்கள் வந்தன. அனுப்பப்பட்ட பெண்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். சிலர் வந்தார்கள். சிலர் அதற்குள் வீட்டுவேலை பிடித்துவிட்டார்கள், இனி அலைய முடியாது என்றார்கள். நாத்தனார் போனை எடுத்து, கேட்டு, "நான் வரல மேடம்," என்று சொல்லி வைத்துவிட்டாள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

முதலாளி எல்லோரையும் கூட்டி, யாருடைய யோசனையாலும் யாருக்கும், காண்ட்ராக்டர் ஆளாக இருந்தாலும், வேலை போகாது, வேறு வேலை தருவேன் என்று தமிழிலும் ஹிந்தியிலும் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. இஸ்திரிப் பகுதியில் வயதான ஒருவர் கையைத் தூக்கினார்.

"எதுவரைக்கும் சேட்?"

"நான் இருக்கற வரைக்கும்," என்றார் முதலாளி.

"பொறவு உங்க மகன் வந்தா?"

முதலாளி உடனே ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "அவன்கிட்டயும் சொல்லுவேன். கேப்பானான்னு எனக்குத் தெரியாது," என்றார். அந்தப் பதில்தான் ஜனங்களைக் கொஞ்சம் இளக வைத்தது என்று நினைக்கிறேன். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார். மற்றவர்களும் போனார்கள்.

யோசனைகள் மெல்ல மெல்ல மறுபடி வந்தன. முன்போல அவசரம் இல்லை. இரண்டு பேர் மூன்று பேராகச் சேர்ந்து வந்து சொன்னார்கள். வேன் டிரைவர் மட்டும் தன் பாதையைப் பற்றி மறுபடி வாயே திறக்கவில்லை.

மழை ஓய்ந்த சமயம் மடிப்பு மேசைக்காரிக்குக் கடும் காய்ச்சல் வந்து சயானில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாயந்திரம் பார்வையாளர் நேரத்தில் போனேன். அவள் கண்ணயர்ந்திருந்தாள். பக்கத்தில் ஸ்டூலில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். மெஸ்ஸிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், விரல்களில் வெங்காய வாசனை இருந்தது. என்னை வராந்தாவுக்குக் கூட்டி வந்தாள்.

"காய்ச்சல் இறங்கிட்டு மேடம். நாளைக்கு விட்ருவாங்களாம். ரெண்டு நாளா நாந்தான் இருக்கேன். எங்க அண்ணனுக்கு இங்க நிக்கவே பயம்."

"இப்ப பேசிக்கறேளா ரெண்டு பேரும்?"

"பேசாம பின்ன? கஞ்சி குடுக்கணும்லா." வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, நான் கேட்காமலே சொன்னாள்.

"அந்தக் கலர் பை விசயம் எனக்கும் தோணிச்சு மேடம். அவ சொல்லுததுக்கு ரொம்ப முன்னாலயே. மேசைல நிக்கிற எங்க எல்லாருக்குமே தோணிச்சு. தெனமும் அந்தத் துணியப் புரட்டுதவங்களுக்குத் தோணாதா? நாங்க சொல்லல. சொன்னா எங்க சோறு போவும்னு தெரியும்."

 "உன் மைனிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"அவ சொல்லப் போறான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவ போன்ல உங்களுக்கு அனுப்புனா, நீங்க கேட்டீக, மொதலாளி கேட்டாரு. எல்லாம் முடிஞ்சுதான் மேசைக்கு வந்துச்சு. ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, எங்க மேசைல வந்து நின்னு, இப்படிச் செய்யப் போறோம், உங்களுக்கு என்ன படுதுன்னு கேட்டிருந்தா, நாங்களே சொல்லியிருப்போம். தையல் மிஷின் போடுங்கன்னுகூட சொல்லியிருப்போம். பாதிப் பேரு தைக்கத் தெரிஞ்சவங்கதான்."

உள்ளேயிருந்து மைனியின் இருமல் கேட்டது. "வாரேன் மேடம், முழிச்சிட்டா," என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் உள்ளே போகாமல் சற்று நேரம் அங்கேயே நின்றேன்.

அவர்கள் தலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தானே இத்தனையும் ஆரம்பித்தோம். ரயிலில் உட்கார்ந்து இத்தனை மாதம் குரல்களைக் கேட்டேன். பேசாதவர்கள் ஏன் பேசவில்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சொல்லப்படாமல் எத்தனை பேரிடம் எத்தனை கிடந்திருக்கும் என்பது அந்த வராந்தாவில்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த வாரமே தனியாக என் போனுக்கு அனுப்புவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். தனிப்பட்ட கஷ்டம் என்றால் அனுப்பலாம். வேலையைப் பற்றிய யோசனை என்றால், அது எந்த மேசையைத் தொடுமோ அந்த மேசைக்கு, சொன்னவரோடு நானும் போவேன். அங்கே வேலை செய்கிறவர்கள் எதிரிலேயே பேசுவோம். அவர்கள் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுவோம். முதலாளிக்கு இதில் பொறுமை போதாது. நேரம் வீணாகிறது என்பார். சில நல்ல யோசனைகள் அப்படிக் கைவிட்டுப் போனதும் உண்மை. ஆனால் ஒரு தடவை, இஸ்திரிப் பகுதியில் ஒரு புது மிஷின் பற்றிப் பேச்சு வந்தபோது, அங்கே இருந்த பெண்கள் மத்தியானம் முழுக்கத் தங்களுக்குள் விவாதித்து, யார் எங்கே மாறுவது என்று தாங்களே ஒரு ஏற்பாட்டோடு வந்தார்கள். முதலாளி அதைக் கேட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் மாற்றாமல் அப்படியே ஒப்புக்கொண்டார்.

மடிப்பு மேசைக்காரி காய்ச்சல் தேறி வேலைக்குத் திரும்பினாள். அவளை மேற்பார்வைக்கு உயர்த்த முதலாளி விரும்பினார். வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டில் மறுபடி ஒரே அடுப்புதான் என்று கேள்வி. சில நாள் மத்தியானம் நான் என் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கீழே போய் அவளோடு உட்காருவேன். மகனுடைய பரீட்சை, தண்ணீர் வருகிற நேரம், ரயிலில் வந்த கூட்டம் எல்லாம் பேசுவாள். லாண்ட்ரி வேலையைப் பற்றி மட்டும் அவள் அதன்பிறகு ஒன்றும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.